அனுபவம் இருக்கு, பட்டா இருக்கா? அமெரிக்க ராணுவ பைலட்டுகள் சொல்லித்தரும் கணக்கு



தாத்தா 40 வருஷம் உழுத நிலம். ஊருக்கே தெரியும், அது உங்க குடும்பத்தோடதுன்னு. ஆனா பட்டா உங்க பேர்ல இல்லைன்னா, அதைக் காட்டி பேங்க்ல கடன் வாங்க முடியாது. வேலை அனுபவமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இதை ரொம்பத் தெளிவா காட்டுற ஒரு உதாரணம் அமெரிக்காவில் இருக்கு. விமானப்படையில் பல வருஷம் இளம் பைலட்டுகளுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்த ஒருவர், சீருடையைக் கழற்றிய மறுநாள் ஊர்ல இருக்கிற ஒரு சாதாரண ஃபிளையிங் ஸ்கூல்ல பயிற்சியாளரா சேர முடியாது. ராணுவத் தகுதி ராணுவத்துக்குள்ள மட்டும்தான் செல்லும். வெளியே வந்தா எஃப்.ஏ.ஏ. கொடுக்கிற சிவில் சான்றிதழ் வேணும். நம்ம ஊர் டி.ஜி.சி.ஏ. மாதிரி, அங்கே எஃப்.ஏ.ஏ.

நல்ல விஷயம் என்னன்னா, இந்தப் 'பட்டா மாற்றத்துக்கு' அங்கே ஒரு நேர்வழி இருக்கு.

விதி என்ன சொல்லுது?

அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 61.73 என்கிற பிரிவு ராணுவ பைலட்டுகளுக்கானது. ராணுவ பயிற்சியாளர்கள் நேரடியாக சிவில் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கும் வசதி 2009-ல் வந்தது. பணியில் இருப்பவர், பணியை விட்டவர், இரண்டு பேருமே விண்ணப்பிக்கலாம்.

ராணுவத்தில் விமானம் ஓட்டியிருந்தா மட்டும் இதுக்குப் போதாது. பயிற்சியாளராகவோ தேர்வாளராகவோ தகுதி பெற்றிருக்கணும். நம்ம தாம்பரத்தில் இந்திய விமானப்படையோட ஃபிளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் இருக்கே, அது மாதிரி அங்கேயும் இதுக்குத் தனிப் பயிற்சி உண்டு. (இந்திய விதிகள் வேறு. இங்கே பேசுவது அமெரிக்க விதி மட்டும்.)

படிகள் மூணுதான்:

1. முதல்ல கமர்ஷியல் பைலட் சான்றிதழும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் கையில் இருக்கணும். இதையும் ராணுவ ஆவணங்களைக் காட்டி, ஒரு எழுத்துத் தேர்வு எழுதி வாங்கிடலாம்.

2. அடுத்து, ராணுவ பயிற்சியாளர்களுக்கான தனி எழுத்துத் தேர்வு. பாஸ் மார்க் 70.

3. கடைசியா ஆவணங்கள். பயிற்சியாளர் கோர்ஸ் முடித்த அதிகாரபூர்வ பதிவு ஒண்ணு. பயிற்சியாளராக விமானத்தில் நடந்த திறன் சோதனையில் தேறினதுக்கான பதிவு இன்னொண்ணு.

இவ்வளவுதான். மறுபடி விமானத்தில் ஏறி ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை.

இப்போ கணக்குக்கு வருவோம்

சாதாரண சிவில் பைலட் ஒருவர் பயிற்சியாளர் ஆகணும்னா, பொதுவா இரண்டு எழுத்துத் தேர்வு எழுதணும். ஒரு தேர்வுக்கு 175 டாலர், ஆக 350 டாலர். அதுக்கு மேல பயிற்சி கோர்ஸ், விமான வாடகை, செய்முறைத் தேர்வு எடுப்பவருக்கான கட்டணம். எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் டாலர் ஆகிடும்.

ராணுவ பயிற்சியாளருக்கு? இந்தப் படிக்கு ஒரே தேர்வு, 175 டாலர். நம்ம பணத்தில் சுமார் 15,000 ரூபாய்.

முன்னாள் படைவீரர்களுக்கான ஜி.ஐ. பில் கல்வித் திட்டத்தில் இந்த மாதிரி தேர்வுக் கட்டணத்தைத் திரும்ப வாங்கலாம். ஒரு தேர்வுக்கு 2,000 டாலர் வரை உச்சவரம்பு. ஆனா அது இலவசம் இல்லை. வாங்கும் தொகைக்கு ஏற்ப மீதமிருக்கும் கல்விச் சலுகை குறையும். நாளைக்குக் கல்லூரிப் படிப்புக்கு அந்தச் சலுகை முழுசா வேணும்னா, 175 டாலரைக் கையிலிருந்து கொடுப்பதே லாபமா இருக்கலாம். 'ரீஃபண்ட் வருது' என்பதை மட்டும் பார்க்காதீங்க, எந்தக் கணக்கிலிருந்து வருதுன்னும் பாருங்க.

எங்கே சிக்கும்?

ஒண்ணு, ஓட்டின விமானம். டி-38 மாதிரி ஜெட்டில் இரண்டு இன்ஜினும் உடம்போடு ஒட்டி நடுவில் இருக்கும். ஒரு இன்ஜின் நின்னாலும் விமானம் பெருசா ஒரு பக்கம் இழுக்காது. இறக்கைக்கு ஒண்ணா இன்ஜின் இருக்கிற விமானம் அப்படி இல்லை. அதனால் முதல் வகையை மட்டுமே ஓட்டினவரோட சான்றிதழில் அதுக்கான கட்டுப்பாடு எழுதப்படும். அதை நீக்க தனியா ஒரு செய்முறைத் தேர்வு கொடுக்கணும். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்க்கணும்.

இரண்டு, நன்னடத்தை. திறமைக் குறைவாலோ, விமானம் ஓட்டியது தொடர்பான ஒழுங்கு நடவடிக்கையாலோ பறக்கும் பணியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு இந்த வழி கிடையாது.

மூணு, காகிதம். திறமை எவ்வளவு இருந்தாலும், கோர்ஸ் பதிவும் சோதனைப் பதிவும் கையில் இல்லைன்னா விண்ணப்பம் நகராது. யூனிட்டில் இருக்கும்போது பத்து நிமிஷத்தில் கிடைக்கிற நகல், வெளியே வந்த பிறகு கடிதம் மேல கடிதம் எழுதி வாங்குறதா மாறிடும்.

இதனால் என்ன வருமானம்?

பெரிய ஏர்லைன்ஸில் சேர பொதுவா 1,500 மணி நேரம் பறந்திருக்கணும். ராணுவ பைலட்டுகளுக்கு 750 மணி நேரத்திலேயே கட்டுப்பாடுள்ள சான்றிதழ் கிடைக்கும். அந்த எண்ணிக்கைக்குக் கொஞ்சம் குறைவா இருப்பவர், பயிற்சியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே மணி நேரத்தைச் சேர்க்கலாம்.

எனக்கு இதைவிட முக்கியமாத் தெரிவது இன்னொண்ணு. அமெரிக்காவில் ஏர்லைன் பைலட்டுகளுக்கு 65 வயதில் கட்டாய ஓய்வு. பயிற்சியாளருக்கு அந்த வயது வரம்பு இல்லை. அதாவது ஓய்வுக்குப் பிறகும் ஒரு வருமான வழி. 2024 டிசம்பர் முதல் பயிற்சியாளர் சான்றிதழில் காலாவதி தேதியே போடுவதில்லை. ஆனா 24 மாதத்துக்கு ஒருமுறை, ரெஃப்ரெஷர் கோர்ஸ் மாதிரி ஏதாவது ஒரு வழியில் தகுதியைப் புதுப்பிக்கணும். இல்லைன்னா சொல்லிக்கொடுக்க முடியாது. சொத்து வாங்கினா போதாது, வரியும் கட்டணும் இல்லையா?

நமக்கு என்ன பாடம்?

நாம யாரும் ஜெட் ஓட்டலை. ஆனா ஆபீஸ்ல ஜூனியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம், உள் சான்றிதழ் வாங்குறோம், பெரிய புராஜெக்ட் முடிக்கிறோம். அதெல்லாம் அந்தக் கம்பெனிக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற பணம். அதனால் ராஜினாமா மெயில் அனுப்பும் முன்னாடி மூணு வேலை செய்யுங்க.

நீங்க செய்த வேலையை விவரமா சொல்லும் அனுபவக் கடிதம் கேளுங்க. சம்பள ரசீது, ஃபார்ம் 16, பயிற்சிச் சான்றிதழ்களை உங்க சொந்த மெயிலுக்கு எடுத்து வையுங்க. (கம்பெனியோட ரகசிய ஃபைல்களைத் தொடாதீங்க!) உங்க துறையில் வெளியே மதிப்புள்ள தேர்வு எதுன்னு பார்த்து, இப்போதைய அனுபவத்தை வெச்சு எழுத முடியுமான்னு விசாரிங்க. கட்டணத்தைக் கம்பெனியே தருமான்னும் கேளுங்க.

திறமை ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு. பட்டாவை மாத்துற செலவு குறைவா இருக்கும்போதே மாத்திடுங்க.