உஷார்! காசு கொடுத்தால் நீங்களும் விஞ்ஞானி!

"மதிப்பிற்குரிய மூத்த விஞ்ஞானி அவர்களுக்கு" என்று ஆய்வுக் கட்டுரை கேட்டு ஒரு ஜர்னலிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா? பிஎச்.டி.யே இன்னும் முடிக்கவில்லை, அதற்குள் மூத்த விஞ்ஞானியா? அங்கேயே நிறுத்துங்கள். பதில் போடாதீர்கள். கட்டுரையை அனுப்பாதீர்கள். பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்!

எனக்குத் தெரிந்த ஒரு பெண். வேதியியல் ஆய்வு மாணவி. கால் கடுக்க லேபில் நின்று எடுத்த முடிவுகளை, கைடு அவசரப்படுத்தினார் என்று ஒரு 'சர்வதேச' ஜர்னலுக்கு அனுப்பினாள். இரண்டே நாளில் 'அக்செப்டட்'! ஒரு கேள்வி இல்லை. ஒரு திருத்தம் இல்லை. மூன்றாம் அட்டவணையைக் கைதவறி இரண்டு தடவை ஒட்டியிருந்தாள்; அதுவும் அப்படியே வெளியானது. அப்போதுதான் அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. வாபஸ் கேட்டால், அதற்கும் தனிக் கட்டணமாம்! நல்ல ஜர்னலுக்கும் இனி கொடுக்க முடியாது. ஏற்கெனவே வெளியானது என்று தள்ளிவிடுவார்கள். வேலை இன்டர்வியூவில் ஜர்னல் பெயரைப் பார்த்ததுமே ஃபைலை மூடிவிட்டார்கள்.

அத்தனை உழைப்பும் போச்சு!

விஷயம் தெரிந்த நாலு பேர் குறை தேடிப் பார்த்த பிறகும் நிற்பதுதான் அறிவியல். அந்த வேலையைச் செய்யாமலே முத்திரை குத்தித் தருவதுதான் இந்தப் போலி ஜர்னல்களின் வியாபாரம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டை ஓட்டையாக ஒரு மருந்து ஆய்வை எழுதி, கட்டணம் வாங்கும் 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். எழுதியவர் பெயரும் பொய், ஆய்வு நிலையமும் பொய். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன! இது 2013-ல். இரண்டு வருடம் கழித்து போலந்து ஆய்வாளர்கள் ஒரு விஞ்ஞானியையே கற்பனையாக உருவாக்கி, ஆசிரியர் குழுவில் இடம் கேட்டு 360 ஜர்னல்களுக்கு விண்ணப்பித்தார்கள். 48 இடங்களில் பதவி கிடைத்தது. இல்லாத ஆள், அடுத்தவர் ஆராய்ச்சிக்கு நீதிபதி!

நம் பக்கத்திலேயே, இப்படிப்பட்ட ஜர்னல்களை நடத்திய ஹைதராபாத் ஒமிக்ஸ் நிறுவனத்தை 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நம்பகமான ஜர்னல்கள் எவை என்று காட்ட யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டது. இனி சலித்துப் பார்ப்பது நம் தலையில்தான்.

எதைக் கண்டால் பயப்பட வேண்டும்?

"48 மணி நேரத்தில் வெளியீடு உறுதி" என்றால் ஓடுங்கள்! கட்டணம் வாங்குவதே குற்றமில்லை, நல்ல ஜர்னல்களும் வாங்குகின்றன. ஆனால் கட்டுரையைப் படிக்கும் முன்பே ஜிபே நம்பர் வந்தால்? ஐஎஸ்எஸ்என் எண்ணைக் காட்டி மயக்குவார்கள். அது வெறும் அடையாள எண். தரச் சான்று அல்ல. வாட்ஸ்அப்பில் வரும் ஜர்னல் லிங்கைத் தொடவே வேண்டாம். அசல் ஜர்னலின் பெயரிலேயே போலி வெப்சைட் நடத்துகிறார்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தின் ஜர்னல் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். அங்கே போய்த் தேடுங்கள், நீக்கப்பட்டவற்றையும் சேர்த்து.

பெற்றோர்களே, உங்களுக்கும்தான்! 'இளம் விஞ்ஞானி விருது'க்குப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று போன் வந்தால், எந்த ஆய்வைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஓட்டல் ஹாலில் சால்வையும் ஷீல்டும் நீங்கள் கொடுத்த காசில்தான் வரும்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? காப்பிரைட் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இன்றைக்கே எழுத்தில் வாபஸ் கேளுங்கள். மிரட்டி மெயில் வந்தாலும் பணம் கட்டாதீர்கள்; ஒரு மெயிலையும் அழிக்காமல் கைடிடம் காட்டுங்கள்.