சாட்சிக் கூண்டு – 17: ஹார்ட் டிஸ்க் காத்திருக்காது

2020 ஜூன் கடைசியில் கோவில்பட்டி ஜூடிஷியல் மாஜிஸ்திரேட், விசாரணைக்காக சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குப் போனார். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19-ம் தேதி பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். ஸ்டேஷனில் கேமராக்கள் இருந்தன. ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால், அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்ததாக அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை அனுப்பினார். அந்த இரவில் என்ன நடந்தது என்பதற்கு ஸ்டேஷன் கேமராவில் ஒரு காட்சிகூட மிஞ்சவில்லை.

அதே வழக்கில் இன்னொரு கேமராவும் உண்டு. இருவரும் கடை வாசலில் தரையில் உருண்டு புரண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்று எஃப்.ஐ.ஆர் சொன்னது. பக்கத்துக் கடைக் கேமராவின் பதிவு வெளியே வந்தபோது, அப்படி எதுவும் அதில் இல்லை. சில நாட்கள் யாரும் கேட்காமல் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

மெடிக்கல் ஷாப், அடகுக்கடை, அபார்ட்மென்ட் வாசல் என எங்கும் கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டியான டி.வி.ஆர் ஒரே மாதிரிதான் இயங்குகிறது. டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும். எத்தனை கேமரா, டிஸ்க் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்து, பல இடங்களில் 15 நாள் முதல் ஒரு மாதம் வரைதான் பதிவு தங்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு அழிக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியவர் தாமதித்தாலே போதும்.

கேட்க வேண்டிய போலீஸே கேட்காமல் விட்டால்? 2010-ல் வாரணாசி ஹோட்டல் அறை ஒன்றில் இத்தாலியர் ஒருவர் இறந்தார். உடன் தங்கியிருந்த இத்தாலியர் இருவர் மீது கொலை வழக்கு. கீழ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. அந்த ஹோட்டலில் கேமராக்கள் இருந்தன. அன்றிரவுப் பதிவு முழுவதையும் பார்த்ததாக மேனேஜரும் சொன்னார், புலனாய்வு அதிகாரியும் சொன்னார். உருப்படியாக எதுவும் இல்லாததால் கேஸ் டைரியில் எழுதவில்லையாம். பதிவு கோர்ட்டுக்கு வரவே இல்லை. அறைக்குள் யார் போனார், யார் வந்தார் என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. அதைக் காட்டக்கூடிய சாட்சியையே காணோம். கைவசம் இருந்த சிறந்த ஆதாரத்தைத் தராமல் வைத்துக்கொண்டால், அது தராதவருக்கு எதிரானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். அந்த விதியையும் எடுத்துக்காட்டி, 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஆர்.பானுமதி. அதற்குள் அவர்கள் ஏறக்குறைய 5 வருடம் சிறையில் இருந்துவிட்டார்கள். என்னை உறுத்துவது அந்த 5 வருடம்தான்.

காவல் நிலையங்களுக்கு 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே உத்தரவு போட்டது. எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால், எந்தக் காரணத்தாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. ஆனாலும் 2025-ல், ஸ்டேஷன் கேமராக்கள் வேலை செய்யவில்லை என்ற செய்தியைப் பார்த்து, அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டிவந்தது.

பதிவு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. மானிட்டரில் ஓடுவதை செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பலரும் ஆதாரம் என்று நம்புகிறார்கள். போலீஸுக்குத் துப்புக் கொடுக்க அது உதவும். கோர்ட்டில் அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. டி.வி.ஆர் பெட்டியையே கொண்டுவந்து, அதன் உரிமையாளர் கூண்டேறிச் சொன்னால், மின்னணுப் பதிவுக்கு உறுதி சொல்லும் தனிச் சான்றிதழ் வேண்டாம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பென் டிரைவில் நகல் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63, அந்தச் சான்றிதழில் 'ஹாஷ்' எண்ணையும் கேட்கிறது. அது பதிவின் கைரேகை. ஒரு ஃப்ரேம் மாறினாலும் எண் மாறிவிடும். கேமரா வைத்திருப்பவர் சான்றிதழ் தர மறுத்தால், தரச் சொல்லி உத்தரவிடும்படி கோர்ட்டில் மனு போடலாம்.

ஆகவே விபத்தோ அடிதடியோ நடந்தால், எஃப்.ஐ.ஆர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சுற்றிலும் எங்கெல்லாம் கேமரா இருக்கிறது என்று அன்றைக்கே பாருங்கள். இந்தத் தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரையான பதிவை அழியாமல் வைத்திருக்கவும் என்று உரிமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதே கோரிக்கையைப் புகாரிலும் சேருங்கள். டி.வி.ஆர் கடிகாரம் பல கடைகளில் முன்பின்னாகத்தான் ஓடும். அதில் மணி என்ன, உங்கள் போனில் மணி என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ் அசையவில்லை என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ் பிரிவு 94-ன் கீழ் பதிவை வரவழைக்கச் சொல்லி வக்கீல் மூலம் கோர்ட்டைக் கேளுங்கள். எழுத்தில் கேட்ட பிறகும் 'அழிந்துவிட்டது' என்று ஒரு காவல் நிலையம் பதில் சொன்னால், அந்தப் பதிலையே அதற்கு எதிராக எடுத்துக்கொள்ள நீதிமன்றங்கள் தயங்கக் கூடாது.

(தொடரும்)