வெப்ப அதிர்ச்சிப் புரதம்

வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்பவை, உயிரணு நெருக்கடிக்கு உள்ளாகும்போது மிகுதியாக உருவாகி, அதன் பிற புரதங்களைக் காக்கும் புரதங்கள் ஆகும். வெப்பம் மட்டுமன்றி, நச்சு உலோகங்கள், ஆக்சிசன் குறைபாடு முதலியவையும் இவற்றைத் தூண்டும். பாக்டீரியா முதல் மனிதர் வரை இவை காணப்படுகின்றன.

கண்டுபிடிப்பு

1962 ஆம் ஆண்டு இத்தாலிய அறிவியலாளர் ஃபெருச்சியோ ரித்தோசா, வெப்பநிலை உயர்ந்தபோது பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி நிறப்புரிகளில் புதிய புடைப்புகள் தோன்றுவதைக் கண்டறிந்தார். அவற்றோடு தொடர்புடைய புரதங்கள் 1974 இல் அறியப்பட்டன.

செயற்படும் முறை

புரதம் தனக்குரிய வடிவில் மடிந்திருந்தால்தான் பணியாற்றும். வெப்பத்தால் மடிப்பு குலைந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். முட்டை வெந்து கெட்டியாவது இதற்கு எடுத்துக்காட்டு.

எச்எஸ்பி 70 குலைந்த பகுதியைப் பற்றிக்கொண்டு, ஏடிபி ஆற்றலைப் பயன்படுத்தி, மீண்டும் மடிய வாய்ப்பளிக்கிறது. எச்எஸ்பி 60 பீப்பாய் போன்ற அறைக்குள் புரதத்தைத் தனிமைப்படுத்துகிறது. பெயரிலுள்ள எண் மூலக்கூற்று எடையைக் கிலோடால்டனில் தோராயமாகக் குறிக்கும். சீர்செய்ய இயலாதவை சிதைக்கப்படுகின்றன.

இயல்பு நிலையில் எச்எஸ்எஃப் 1 என்னும் காரணியை இப்புரதங்களே அடக்கி வைக்கின்றன. குலைந்த புரதங்கள் பெருகும்போது அவை அப்பணிக்குச் சென்றுவிட, விடுபட்ட காரணி மரபணுக்களைத் தூண்டுகிறது. நெருக்கடி தணிந்ததும் உற்பத்தி குறைகிறது.

கண்புரை

கண்வில்லையின் மையத்திலுள்ள உயிரணுக்களுக்கு உட்கரு இல்லை; எனவே அவற்றில் புதுப் புரதம் உருவாகாது. அங்குள்ள ஆல்ஃபா-கிரிஸ்டலின் என்னும் சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதமே வாழ்நாள் முழுதும் திரளுதலைத் தடுக்க வேண்டியுள்ளது. இதன் காப்புத் திறனை ஜோசப் ஆர்விட்ஸ் 1992 இல் காட்டினார். ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்திலும் இது ஆராயப்பட்டுள்ளது. வயது முதிர்வில் இத்திறன் குன்றும்போது, திரண்ட புரதங்கள் ஒளியைச் சிதறடிப்பது கண்புரைக்கு ஒரு காரணமாகும்.

பட்டுப்புழு வளர்ப்பு

உடுமலைப்பேட்டை உள்ளிட்ட கொங்கு நாட்டுப் பகுதிகளில் வெண்பட்டுக்கூடு உற்பத்தி நடைபெறுகிறது. அன்னூர் போன்ற மழைமறைவுப் பகுதிகளின் கோடை வெப்பம் இத்தொழிலுக்கு உகந்ததன்று. முதிர்ந்த புழுக்களுக்கு ஏறத்தாழ 25 பாகை செல்சியசு ஏற்றது. வெப்பம் மிகும்போது புழுவின் உடலில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கூடுகின்றன. ஆயினும் அவற்றின் காப்புக்கு எல்லை உண்டு. அதைக் கடந்தால் புழுக்கள் இரையெடுப்பது குறைந்து, நோயுற்று மடியும்; கூட்டின் எடையும் குறையும். ஆகவே வெப்பந்தாங்கும் கலப்பினங்களைத் தெரிவு செய்வதும், வளர்ப்பு மனையைக் குளிர்ச்சியாக வைப்பதும் இன்றியமையாதவை.