கண்ணுக்குள் சிக்கிய துப்பு! மறதி நோயைக் காட்டிக் கொடுக்குமா ரத்தக் குழாய்?

வீட்டுப் பெரியவர் சாவியைத் தேடுகிறார். "வயசாச்சு இல்லையா" என்று விட்டுவிடுகிறோம். சாவி எதற்கு என்பதே அவருக்கு மறந்துபோன பிறகுதான் டாக்டரிடம் ஓடுகிறோம். அதற்குள் மூளையில் கொள்ளை ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருக்கும்!

இந்தக் கொள்ளைக்காரனின் பெயர் அல்சைமர் நோய். 1906-ல் ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நோயாளி இறந்த பிறகு மூளையை எடுத்துப் பார்த்துத்தான்!

இப்போது உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம். பெட் ஸ்கேன் உண்டு. செலவு கையைக் கடிக்கும். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்கலாம். அதற்கு யார் சம்மதிப்பார்கள்? ரத்தப் பரிசோதனையும் வந்திருக்கிறது.

கண் எதற்கு?

விழித்திரை, கருவிலேயே மூளையிலிருந்து முளைத்த பகுதி. கத்தி வைக்காமல் ரத்தக் குழாயை நேராகப் பார்க்க வசதியான இடம்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழக டாக்டர்கள் இதைச் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். அல்சைமர் நோயாளிகள் 39 பேர். லேசான மறதிக்காரர்கள் 37 பேர். நல்ல நினைவுள்ளவர்கள் 133 பேர். ஊசி இல்லை, சாயம் ஏற்றவில்லை. முகவாயைத் தாங்கியில் வைத்து உள்ளே பார்த்தால் போதும். ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் ஓடும் குழாய்களை மெஷின் படம் பிடித்துவிடும். சில நிமிஷ வேலை!

அல்சைமர் நோயாளிகளின் விழித்திரை நடுவே நுண் ரத்தக் குழாய் வலை அடர்த்தி குறைந்திருந்தது. மற்ற இரண்டு கோஷ்டியிடமும் அவ்வளவு குறையவில்லை.

நழுவிய ஆள்

இங்கேதான் சிக்கல். லேசான மறதிக்காரரையும் நல்ல நினைவுள்ளவரையும் இந்தப் படத்தால் பிரித்துக் காட்ட முடியவில்லை! முக்கியமாகப் பிடிக்க வேண்டியது அந்த லேசான மறதிக்காரரைத்தான். 2023-ல் அமெரிக்கா அனுமதித்த லெகனெமாப் மருந்து ஆரம்பக் கட்ட நோயாளிகளுக்கு மட்டுமே. அதுவும் நோயின் வேகத்தைக் குறைக்கும். போன நினைவைத் திருப்பித் தராது.

சர்க்கரை வியாதியும் கண் அழுத்த நோயும் இதே குழாய்களைக் கெடுக்கும். டியூக் டாக்டர்கள் அந்த நோயாளிகளைச் சோதனையில் சேர்க்கவில்லை. நிஜ ஆஸ்பத்திரி வரிசையில் அப்படிப் பொறுக்கி எடுக்க முடியுமா?

லண்டன் டாக்டர்கள் 2023-ல் இன்னொரு துப்பு கொடுத்தார்கள். இது நடுக்குவாதம் என்கிற பார்கின்சன் நோய் பற்றியது. அந்த நோயாளிகளின் விழித்திரை அடுக்குகள் மெலிந்திருந்தன. நோய் தெரிவதற்கு சராசரி 7 வருஷம் முன்பே! ஆனாலும் 'இன்னாருக்கு வரும்' என்று ஆளைக் காட்டிச் சொல்ல இன்னும் முடியாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.