உங்களுக்குத் தெரியுமா? எலுமிச்சைக் கன்றுக்கு அளவான தொட்டிதான் நல்லது!

நர்சரியில் வாங்கிய எலுமிச்சைக் கன்றை, “எப்படியும் மரமாகத்தானே போகிறது” என்று நேராகப் பெரிய டிரம்மில் வைத்துவிடுகிறோம். கன்று வாடிப்போவதற்குப் பல நேரம் இதுவே காரணம். சின்ன வேர்க்கட்டால் அத்தனை மண்ணின் ஈரத்தையும் உறிஞ்ச முடியாது. ஈரம் தேங்கிய மண்ணில் காற்று குறையும். பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி பெருகி வேரை அழுகவைக்கும். பழைய தொட்டியைவிட 5 செ.மீ. அகலம் கூடினால் போதும்.

அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பதும் தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து கல்லடுக்குக்குள் நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தங்கி, வேரை இன்னும் நெருங்கிவிடும். பொலபொலப்பான மண்கலவையும் அடைபடாத துளைகளும்தான் கன்றைக் காக்கும்.

ஒட்டுக்கன்று என்றால் தண்டின் அடிப்பகுதியில் ஒட்டிய இடம் சற்றுப் புடைத்துத் தெரியும். அதை ஒருபோதும் மண்ணுக்குள் புதைக்காதீர்கள்! தொட்டியைச் சுற்றி வளைந்த வேர்களை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். உரம் பிறகு, புதுத்தளிர் வந்ததும்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 14ஆம் லூயி காலத்திலிருந்தே ஆரஞ்சு மரங்களைப் பெட்டிகளில் வளர்க்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் அவை கட்டடத்துக்குள் இருக்கும். அந்தப் பெட்டிகளின் பக்கப் பலகைகளைத் திறக்கலாம். மரத்தைத் தூக்காமலே வேரைப் பார்த்து, மண்ணை மாற்ற அருமையான ஏற்பாடு!