தொண்டு செய்த ஓராண்டுக்குப் பிறகு



மாலை ஏழு மணி. தோட்டத்து மண்டபத்தில் விளக்கு எரிகிறது. இருபது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறார்கள். சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்கு வயது பதினெட்டு. எஸ்.பி.எம். தேர்வு எழுதியபின் ஓராண்டுக் காலம் சம்பளம் வாங்காமல் இந்த வகுப்பை நடத்தியவள். அந்த ஆண்டு இப்போது முடிந்துவிட்டது. தகப்பனார் விரைவில் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார். ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். "ஒரு வருஷத்தை வீணாக்கிட்டியே, இனிமே என்ன செய்யப் போறே?" என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள்.

இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லாபுவிலோ, சிலியாவிலோ, பகாவ் பக்கத்திலோ இந்தக் கேள்வியைக் கேட்கும் வீடு இல்லாமலா போகும்? அந்த வீட்டுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகளை இன்று பார்ப்போம்.

முதலில், அந்த ஓராண்டு வீணானதா? இல்லை. உலகம் அதை வீண் என்று கருதுவதில்லை. ஜெர்மனியில் இளைஞர்கள் ஓராண்டு சமூகத் தொண்டு செய்வதற்கென்றே 1964-இல் சட்டம் இயற்றினார்கள். அமெரிக்க அமைதிப் படையின் தொண்டர்கள் 1962 முதல் 1983 வரை நம் நாட்டுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணி புரிந்தார்கள். நம்மவர்களை எடுத்துக்கொண்டால், டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்களே தொண்டர்களாக நின்று தங்கள் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்று. செய்த தொண்டைச் சொல்லத் தெரிந்தால்தான் அது வேலைக்கு உதவும். விண்ணப்பத்தில் "சமூக சேவை செய்தேன்" என்று மட்டும் எழுதினால், முதலாளிக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. "வாரம் நான்கு மாலைகள், இருபது மாணவர்களுக்குக் கணிதமும் மலாய்மொழியும் கற்பித்தேன், வருகைப் பதிவேட்டைக் கவனித்தேன், பெற்றோர் கூட்டங்களை ஏற்பாடு செய்தேன்" என்று எழுதிப் பாருங்கள். நேரந்தவறாமை, கணக்கு வைத்தல், பெரியவர்களிடம் பேசும் பாங்கு ஆகிய மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும். தொண்டு செய்த இடத்தின் பொறுப்பாளரிடம், தொடங்கிய நாள், முடித்த நாள், செய்த பணி ஆகியவற்றைக் குறித்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் இடம் மாறிப் போனபின் தேடுவது சிரமம்.

அடுத்து, எந்த வழியில் செல்வது? நம் பெண்ணுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, உடனே வேலைக்குப் போவது. நம் மாநிலத்தில் செனவாங், நீலாய் போன்ற இடங்களில் தொழிற்சாலைகள் உள்ளன. எல்லையைத் தாண்டினால், 1998-இல் திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையமும் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு கிடைக்கும்? 2025-ஆம் ஆண்டிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இந்த 1,700 வெள்ளியும் அப்படியே கைக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் இன்னும் சில வெள்ளி போகும். மீதி ஏறக்குறைய 1,500 வெள்ளி. அதில் பேருந்துச் செலவு, சாப்பாடு, வெளியே தங்கினால் அறை வாடகை ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். வீட்டுக்குக் கொடுக்கக்கூடிய தொகை அப்போதுதான் தெரியும். அதே வேளையில், முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளியைச் சேமநிதியில் போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. சேமநிதி கட்டாத வேலையில் 1,800 வெள்ளி தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது உண்மையில் குறைந்த சம்பளமே.

இரண்டாவது வழி, கைத்தொழில் கற்பது. மலேசியத் திறன் சான்றிதழில் மூன்று நிலைகள் உண்டு. அதற்கு மேல் திறன் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் இருக்கின்றன. மின்சார வேலை, வெல்டிங், குளிர்சாதனம் பழுது பார்த்தல், சமையற்கலை, தையல் என்று பல துறைகளில் இவற்றைப் பெறலாம். பயிற்சிக் காலத்தில் கையில் காசில்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மானிய முறையை ஒட்டி 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில், பயிற்சியாளர் பெரும்பகுதி நேரத்தை வேலையிடத்திலும் மீதியைப் பயிற்சி நிலையத்திலும் கழிப்பார். படிக்கும்போதே உதவித்தொகையும் கிடைக்கும். பல ஆண்டுகள் பட்டறையில் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாத அண்ணன்மார்களுக்கும் வழியுண்டு. அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையில் விசாரித்துப் பாருங்கள்.

மூன்றாவது வழி, மேற்படிப்பு. போர்ட்டிக்சனில் பொலிடெக்னிக் இருக்கிறது. குவாலா பிலாவில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. பள்ளிகளில் ஆறாம் படிவம் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் மனம் நிறைந்த பெண்ணல்லவா? அவளுக்கு ஆசிரியத் தொழிலில் நாட்டம் இருக்கலாம். சிரம்பானில் ராஜா மெலேவார் ஆசிரியர் பயிற்சிக் கழகம் உண்டு. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கு வயது வரம்பும், பாடங்களில் சிறப்புத் தேர்ச்சியும் தேவை. வேறு சில படிப்புகளுக்குத் தேர்வு எழுதிய ஆண்டையும் பார்ப்பார்கள். ஏற்கெனவே ஓராண்டு கடந்துவிட்டதால், இந்த ஆண்டின் நிபந்தனைகளையும் கடைசித் தேதியையும் இன்றே விசாரிக்க வேண்டும். வேலையை அடுத்த மாதமும் தேடலாம். விண்ணப்பத் தேதி தவறினாலோ, இன்னும் ஓராண்டு காத்திருக்க நேரும். அதற்குள் வயது வரம்பே கடந்துவிடக் கூடும்.

இம்மூன்றையும் எப்படி எடை போடுவது? ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொரு வழிக்கும் நேராக நான்கு செய்திகளை எழுதுங்கள்: இந்த ஆண்டு வீட்டுக்கு வரும் பணம், வீட்டிலிருந்து போகும் பணம், மூன்று ஆண்டுகள் கழித்துக் கையில் இருக்கப்போகும் சான்றிதழ், பிள்ளையின் விருப்பம். நான்காவதைக் கடைசியில் எழுதினாலும் அடித்துவிடாதீர்கள். வீட்டுக் கவலை அவசரமானதுதான். அதற்காகப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியே குடும்பச் சுமை முழுவதையும் தாங்க வேண்டும் என்பதில்லை. தகப்பனாரின் சேமநிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, அண்ணன் மாதம் எவ்வளவு தர முடியும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்று இரண்டு வழிகளைச் சேர்த்துக்கொள்ளவும் முடியும்.

வேலை தேடுவோருக்கு இன்னொரு வார்த்தை. சொக்சோ நிறுவனம் மைபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலைவாய்ப்புச் சேவையை நடத்துகிறது. அதில் பதிவு செய்யக் கட்டணமில்லை. வேலை கிடைத்ததும் எழுத்து மூலமான நியமனக் கடிதம் கேளுங்கள். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2023 முதல் வாரத்திற்கு வேலை நேரம் 45 மணிக்கு மேல் போகக் கூடாது. சாதாரண நாளில் மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. சம்பளச் சீட்டை மாதந்தோறும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஏமாற்றுக்காரர்களிடம் எச்சரிக்கை தேவை. "முதலில் முன்பணம் கட்டு", "அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போ" என்று சொல்கிற இடத்தில் நிற்காதீர்கள். கம்போடியாவில் பல ஆயிரம் வெள்ளி சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்கள் அங்கே அடைபட்டுத் துன்பப்பட்டதும், பலர் மீட்கப்பட்டதும் 2022-இல் செய்தியாக வந்தன. ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 997 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

தாய்மார்களே, தந்தையர்களே, இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தத் தாளை எழுதத் தொடங்குங்கள். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பார்கள். தம்பி தங்கைகளே, நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். வேலைக்கோ படிப்புக்கோ போகுமுன், அந்த மாலை வகுப்பை நடத்த இன்னொருவரைப் பழக்கிவிட்டுப் போங்கள். அந்த இருபது பிள்ளைகளும் நாளை மாலையும் வந்து பாயை விரிப்பார்கள்.