டிஸ்க் ‘பிஸி’ என்று சொன்னால்?

தாமல் என்ற ஊரில் ஒருவர் பட்டுச் சேலையின் பார்டர் டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து ‘சேவ்’ கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃபைல் ஹார்ட் டிஸ்க்கைச் சேர்வதற்குள் பல கை மாறுகிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதைத் துண்டுகளாக்கி வரிசையில் நிறுத்துகிறது. கடைசியில் டிஸ்க்கோடு பேசுவது டிரைவர் என்ற நிரல். இந்த இடத்தில் யார் நிரலை மாற்றினாலும், மற்றவர்கள் வரி வரியாகப் படித்துப் பார்த்த பிறகே சேர்ப்பார்கள். சேலை நெய்யும் தறியின் ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பினால் நெய்யும்போதே பூவில் தெரிந்துவிடும். டிஸ்க்கில் தப்பாக எழுதியது, ஃபைலை மறுபடி திறக்கும் நாளில்தான் தெரியும். அதற்குள் பேக்கப்பிலும் அதே கெட்டுப்போன ஃபைல் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

2018 அக்டோபரில் வெளியான லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் 4.19 பதிப்பில் இதுதான் நடந்தது. சிலருடைய ஃபைல்கள் கெட்டுப்போயின. முதலில் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. உண்மையில் தவறு அதற்குக் கீழே, டிரைவருக்குச் சற்று மேலே இருந்த பிளாக் அடுக்கில். வேகத்துக்காக அங்கே ஒரு மாற்றம் செய்திருந்தார்கள்: டிஸ்க் சும்மா இருந்தால் வரிசையில் நிற்காமல் வேண்டுகோளை நேரே டிரைவரிடம் அனுப்பிவிடலாம். நல்ல யோசனைதான்.

சிக்கல், டிரைவர் ‘பிஸி’ என்று திருப்பி அனுப்பும்போது. 4 கேபி எழுதும் ஒரு வேண்டுகோள் போகிறது. எந்த நினைவகத்திலிருந்து எவ்வளவு எடுப்பது என்ற பட்டியலை டிரைவர் பக்கத்தில் உள்ள ஸ்கஸி (SCSI) பகுதி தயார் செய்துவிடுகிறது. பிறகு ‘இப்போது முடியாது’ என்கிறது. வேண்டுகோள் வரிசைக்குத் திரும்புகிறது. அங்கே அதை ஒட்டிய இன்னொரு 4 கேபி அதோடு சேர்க்கப்படுகிறது. வேண்டுகோள் இப்போது 8 கேபி. பட்டியல் பழைய 4 கேபிதான். பாதி மட்டும் எழுதப்படுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

டிசம்பரில் 4.19.8-இல் இது சரியானது. பிளாக் அடுக்கின் பொறுப்பாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ செய்த திருத்தத்தின் சாரம் எளிது: டிரைவரிடம் ஒருமுறை போய்த் திரும்பிய வேண்டுகோளோடு வேறெதையும் சேர்க்கக் கூடாது.

வேகத்துக்காகச் செய்த அந்த மாற்றத்தின் வரிகளை மட்டும் படித்தால் தவறு கண்ணில் படாது. பேட்சில், அதாவது மாற்றத்தில், இல்லாத வரிகளையும் திறந்து பார்க்க வேண்டும். ‘இந்த வேண்டுகோள் திரும்பி வருவதற்குள் யார் யார் தொட்டார்கள்? எதை விட்டுவிட்டு வந்தார்கள்?’ என்று கேட்க வேண்டும். டிரைவர் பேட்சைப் படிக்கும்போது, எல்லாம் ஒழுங்காக நடக்கும் பாதையைவிட ‘பிஸி’, ‘டைம் அவுட்’, நடுவில் கரண்ட் போவது ஆகிய பாதைகளில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். சாதாரணச் சோதனை அந்தப் பக்கம் போகவே போகாது. வேண்டுமென்றே டிஸ்க்கைத் திணறடிக்க வேண்டும்; தெரிந்த எழுத்துகளை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். அதற்கு ‘ஃபியோ’ என்ற கருவி உதவும். அதையும் எழுதியவர் ஆக்ஸ்போதான்.